ஜூலி போய்விட்டாள். சனிக்கிழமை பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

மூக்கனேரி (இழையைத் தொடங்கியவர்), சேலம்

எங்கள் நாய் ஜூலியைத் தெரிந்தவர்களுக்கு முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு போய்விட்டாள். பதினோரு வயது. அன்று மாலைகூட பால்காரரைப் பார்த்து வாலாட்டினாள், தயிர்சோறு சாப்பிட்டாள். எட்டு மணிவாக்கில் எழப்போய் அப்படியே சரிந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மண்ணீரலில் கட்டி இருந்து வெடித்திருக்கிறது, வயிறு முழுக்க ரத்தம் என்றார். ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்கு: ஜூலி லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவள். அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது, அபார்ட்மென்ட்டில் நாய் கூடாதாம் என்று எங்களிடம் விட்டுப்போனது. கொஞ்ச நாளிலேயே கவனித்தேன். வீட்டுக்கு வருகிறவர்களில் யார் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் காலடியில் போய்ப் படுப்பாள். அப்படித்தான் பயிற்சி கொடுத்துத் தெரபி நாய் ஆக்கினோம்.

தெரபி நாய் என்றதும் பலர் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய் என்று நினைக்கிறார்கள். அது வேறு. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காக வேலை செய்யும். வேலையில் இருக்கும்போது மற்றவர்கள் அதைத் தொடவே கூடாது. தெரபி நாயின் வேலையே, யார் தொட்டாலும் சரி என்று கிடப்பதுதான்.

சனிக்கிழமை கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லம். நடுவில் யாராவது கூப்பிட்டால் வீடுகளுக்கும் போவோம். அவளுக்கு வித்தை எதுவும் தெரியாது. கை கொடு என்றால் முகத்தைப் பார்ப்பாள். பந்தை எறிந்தால், எறிந்தவரே எடுத்து வரட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். அறைக்குள் போவாள், ஒரு சுற்றுப் பார்ப்பாள், யார் பக்கத்தில் படுப்பது என்று அவளே முடிவு பண்ணிப் படுப்பாள். அவ்வளவுதான்.

பள்ளியில் ஒரு பையன். பேச்சு குறைவு, யாராவது தொட்டால் பிடிக்காது. அவன் வந்து அவள் நகத்தை எண்ணுவான். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நந்நான்கு. எண்ணி முடித்ததும் "பதினெட்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். முன்னங்காலில் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கட்டைவிரல் நகத்தைப் பிடித்தால் அநேகமாக எல்லா நாயும் காலை இழுத்துக்கொள்ளும். இவள் இழுக்க மாட்டாள். இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பாள்.

பள்ளியில் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிருங்க மேடம், கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏற்காட்டிலும் இதே கேள்வி வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

அக்கா, இப்போதுதான் பார்த்தேன். கை ஓடவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த சமயம் நீங்கள் ஜூலியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். வலது கை மடங்கி, பேச்சு குழறி, ஆள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். காலமெல்லாம் கொலுசு செய்த கைக்குப் பந்தா என்று தூக்கி எறிந்துவிட்டார். (வாயால் சொல்லவில்லை. எறிந்த வேகத்திலேயே புரிந்தது.) நீங்கள் அந்தப் பட்டை வைத்த பிரஷை அவர் கையில் மாட்டி ஜூலி முதுகில் வைத்தீர்கள். ஒரு இழுப்பு இழுத்தார். அவள் புரண்டு அடுத்த பக்கத்தைக் காட்டினாள். அதையும் இழுத்தார். முடி பறந்து பாயெல்லாம் அப்பியது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூட்டினார்.

சில வாரம் கழித்து ஒரு நாள், பிரஷ் போட்டுக்கொண்டிருந்தவர் ஜூலியின் கழுத்துப்பட்டையில் இருந்த பித்தளை வளையத்தைத் தடவிப் பார்த்தார். "பத்தவெச்சது சரியில்ல. விட்டுரும்." நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் பேச்சு அதுதான். நான் வெங்காரம் போட்டு ஊதுகுழல் வைத்துப் பற்றவைத்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் வெள்ளிச் சலங்கை ஒன்று கோத்துவிடச் சொன்னார். பள்ளியில் சில பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது, வேண்டாம் என்றீர்கள். அதற்கும் திட்டுதான்.

பேச்சு திரும்பியதற்கு மாத்திரை, ஸ்பீச் தெரபி எல்லாம் காரணம். நாய் வந்து குணமாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுவர்ப்பக்கம் பார்த்தவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது அவள் வந்த பிறகுதான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.


ஜங்ஷன்வாசி, சூரமங்கலம்

வருத்தம்தான். ஆனாலும் எல்லோரும் கண்ணைத் துடைக்கும் இடத்தில் ஒருத்தன் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் ராத்திரி பைக்கில் வந்தால் நாய் துரத்துகிறது. என் அக்கா மகனுக்குக் கெண்டைக்காலில் கடி. ஒவ்வொரு தவணை ஊசிக்கும் லீவு போட்டுக் கூட்டிப்போனோம். இப்படிப்பட்ட ஊரில், படுக்கையில் கிடக்கும் நோயாளியிடமும், வலித்தால் சொல்லத் தெரியாத குழந்தையிடமும் நாயைக் கொண்டுபோய் விடுவது சரியா? இன்னொன்று. இதில் அந்த நாய்க்கு விருப்பமா என்று யார் கேட்டது?


கால்நடை டாக்டர், நாமக்கல்

முதலில் மூக்கனேரி மேடத்துக்கு. மண்ணீரல் கட்டி பெரும்பாலும் வெளியே தெரியாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் மாதிரிப் பெரிய இனங்களில் வயதான பிறகு வரும். வெடிக்கும்வரை நாய் தின்னும், நடக்கும். ஈறு வெளுத்திருக்கும்போது உள்ளே நிறைய ரத்தம் போயிருக்கும். எதையாவது கவனிக்காமல் விட்டோமோ என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசிக்காதீர்கள்.

ஜங்ஷன்வாசி சார் கேட்டது நியாயமான கேள்வி. தெரபி நாய்க்கு வருடாவருடம் வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் ஊசி, தவறாமல் குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் கட்டாயம். போகிற அன்று குளிப்பாட்டி, நகம் தேய்த்துத்தான் கூட்டிப்போக வேண்டும். பச்சை இறைச்சி கொடுத்து வளர்க்கும் நாயை நோயாளியிடம் கொண்டுபோகவே கூடாது. கிருமி ஒட்டிக்கொண்டு வரும். புண், தையல், சலைன் ஊசி இருக்கும் பக்கம் நாயை விடுவதில்லை. ஆறாத புண்ணை வெறிநோய் உள்ள நாய் நக்கினாலே அதைக் கடிக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

பொதுவாக எல்லோருக்கும்: எந்த நாய் கடித்தாலும் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். தோலில் போடும் தடுப்பூசியென்றால் 0, 3, 7, 28 ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரு தவணையும் விடாமல் கூட்டிப்போன உங்கள் குடும்பத்தைப் பாராட்டுகிறேன், பாதிப் பேர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாய்க்கு விருப்பமா என்பதை நாயே சொல்லும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், எதிரில் தீனி இல்லாமலே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். பழக்கத் தெரியாதவர்கள் இதைப் பார்த்தும் "பாவம், டயர்டா இருக்கு" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.


காபிக்கொட்டை, ஏற்காடு

அந்த முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில்தான் என் வீடு. ஞாயிறுகளில் நானும் போய் உட்காருவேன். ஜூலிக்கு மலை ஏறுவது ஆகாது. இருபது கொண்டை ஊசி வளைவு, பாதியிலேயே எச்சில் ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால் வெறும் வயிற்றோடு கூட்டி வருவார்கள். வழியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால் மட்டும் வாந்தியை மறந்துவிட்டு எழுந்து ஜன்னலில் மூக்கை வைத்துக்கொள்வாளாம். வந்து இறங்கியதும் கொஞ்ச நேரம் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்க வேண்டும். அதற்குள் உள்ளே இருந்து தகவல் போய்விடும்: "பைரவர் வந்துட்டாரு."

பைரவர் என்றது ஒரு பாட்டி. ஜூலி பொட்டை நாய் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார். இடுப்பில் செருகிய பொட்டலத்தில் இருந்து விபூதி எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசுவார். ஜூலி கண்ணை மூடிக்கொள்வாள். தும்மல் வரும், அடக்கிக்கொண்டு, பாட்டி கையை எடுத்த பிறகுதான் தும்முவாள். நான் கதை கட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் இதே.

இன்னொரு அம்மா மறதிநோய்க்காரர். தன் பிள்ளைகள் பெயரே வராது. ஜூலியைப் பார்த்தால் "மணி, சோறு தின்னியா?" என்பார். எந்த வீட்டு மணியோ, எந்தக் காலத்து மணியோ. ஜூலி அந்தப் பெயருக்கும் வாலாட்டுவாள். அந்த அரை மணி நேரத்துக்கு அந்த அம்மா ஒரு வீட்டின் எஜமானி. யாருக்கு எவ்வளவு சோறு, எந்தத் தட்டில் என்று அதட்டிக்கொண்டிருப்பார். மற்ற நேரம் எல்லாம் அவரைத்தான் மற்றவர்கள் "சாப்பிடுங்க, மாத்திரை போடுங்க" என்று அதட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா, அடுத்த இரண்டாம் ஞாயிறு நீங்கள் தனியாகவாவது வாருங்கள். நான் கூட இருக்கிறேன்.


சிறப்பாசிரியை, அம்மாபேட்டை

மேடம், நான் வேறு பள்ளி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். தயவுசெய்து "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். ஊருக்குப் போனால் திரும்பி வர வேண்டும்தானே? பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "தூங்குது" என்றும் வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு ராத்திரி படுக்கவே பயந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். "சாமிகிட்ட போயிருச்சு" என்றால் எந்தக் கோயில் என்று கேட்கும், கூட்டிப்போகச் சொல்லும். நம் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்கள்.

சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். "ஜூலிக்கு வயித்துல நோய் வந்துச்சு. டாக்டர் பார்த்தாங்க. சரி பண்ண முடியல. ஜூலி செத்துப்போச்சு. இனிமே ஜூலி வராது." நோய் என்பதோடு நிறுத்தாமல், "உனக்கு வர்ற வயித்துவலி வேற, அது சரியாயிரும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். அன்றைய வேலைகளைப் படமாக ஒட்டும் அட்டை வைத்திருப்பார்களே, சனிக்கிழமை வரிசையில் ஜூலி படம் இருக்கும். நீங்கள் போவதற்கு முன்னால் யாராவது அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடப் போகிறார்கள். எடுக்க விடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகு அவர்கள் கையாலேயே எடுத்து "முடிந்தது" பெட்டியில் போடட்டும். அந்த இடத்தில் வேறு படம் ஒட்ட வேண்டும். காலியாக விட்டால் அது இன்னும் கஷ்டம்.

அழவில்லையே என்று யோசிக்காதீர்கள். சிலர் அன்றைக்குச் சிரிப்பார்கள், அடுத்த மாதம் சம்பந்தமே இல்லாத நேரத்தில் அழுவார்கள்.


குகைக்காரன், சேலம்

நல்ல ஆலோசனை. ஆனால் ஒரு சந்தேகம். அந்த மறதிக்கார அம்மாவிடமும் "மணி செத்துப்போச்சு" என்று சொல்ல வேண்டுமா? பிள்ளைக்கு உண்மை, பாட்டிக்குப் பொய் என்றால் அது என்ன நியாயம்?


சிறப்பாசிரியை, அம்மாபேட்டை

என் மாமியாருக்கும் மறதிநோய் இருந்தது, அதை வைத்துச் சொல்கிறேன். மாமனார் இறந்ததை அவர் கேட்கும்போதெல்லாம் வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அப்போதுதான் நடந்த சாவு. மாரில் அடித்துக்கொண்டு அழுவார். பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். பார்க்க வந்த டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்.

பிள்ளை கேட்டதை வைத்துக்கொள்ளும், நாளைக்கு அதன்மேல் இன்னொன்றை அடுக்கும். அதனால் அதற்கு உண்மை வேண்டும். அந்த அம்மாவால் வைத்துக்கொள்ள முடியாது, வலி மட்டும்தான் மிஞ்சும். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "மணி எங்கே?" என்றால், "மணின்னா உங்களுக்கு உசுராச்சே, அது என்ன பண்ணும் சொல்லுங்க" என்று கேளுங்கள். பேசிக்கொண்டே போவார். விவரம் தெரிந்து நேராகக் கேட்கிற மற்ற பெரியவர்களிடம் நேராகவே சொல்லிவிடலாம்.


குகைக்காரன், சேலம்

சரிங்க. இப்போது புரிகிறது.


பழைய பேப்பர், ஐந்து ரோடு

ஜங்ஷன்வாசி எழுதியதைப் படித்ததும் தோன்றியது. இது யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு ஆரம்பித்த விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1944இல், நியூ கினி காட்டில் கைவிடப்பட்ட பதுங்குகுழியில் ஒரு குட்டி நாய் கிடைத்தது. யார்க்‌ஷயர் டெரியர், இரண்டு கிலோகூட இருக்காது. ஸ்மோக்கி என்று பெயர். அதை வளர்த்த வில்லியம் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய்க்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார் (டெங்கு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்). கூட்டாளிகள் நாயைப் பார்க்கக் கொண்டுபோனார்கள். நர்சுகள் பார்த்துவிட்டுக் காயம்பட்ட மற்றவர்களிடமும் தூக்கிப்போனார்கள். அந்த நாய் போருக்குப் பிறகும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனது, 1957இல் இறந்தது.

போரிஸ் லெவின்சன் கதையும் இப்படித்தான். நியூயார்க்கில் குழந்தைகளுக்கான மனநல நிபுணர். பேசாத பையன் ஒருவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான், அறையில் அவருடைய ஜிங்கிள்ஸ் நாய் இருந்தது. பையன் நாயோடு ஒட்டிக்கொண்டான், அது வழியாக இவரிடமும். 1960களின் ஆரம்பத்தில் அவர் இதை எழுதியபோது சக டாக்டர்களில் பலர் கிண்டல் செய்தார்கள். ஹாங்காங்கில் 1991இல் ஜில் ராபின்சன் நாய்களை நோயாளிகளிடம் கூட்டிப்போகும் திட்டம் ஒன்றை "டாக்டர் டாக்" என்று தொடங்கினார். சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அதைக் கொண்டுவந்தது. நம் பக்கத்துக்கு இது ஒன்றும் நேற்று இறங்கிய சரக்கு இல்லை.


நடுகல் பித்தன், வாழப்பாடி

நாய்க்கு எல்லாமா இரங்கல் என்று யாராவது கேட்டால் அவர்களைத் தண்டராம்பட்டுக்குக் கூட்டிப்போங்கள். அரூர் வழியாகத் திருவண்ணாமலை போகும்போது வரும். அந்தப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டுச் செத்த வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, தன் ஆளுக்குக் காவலாக நின்றது என்று கல்லிலேயே இருக்கிறது.

அந்த வீரனைப் பெற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. நாய் பெயர் தெரிகிறது! மேடம், எங்கே புதைத்தீர்கள்? கல் நடுவதாக இருந்தால் சொல்லுங்கள், எழுத்து வெட்டுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும்.


மூக்கனேரி, சேலம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டவுனில் புதைக்க இடம் இல்லை. என் தம்பிக்கு நாகலூர் போகிற வழியில் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக மேலே கொண்டுபோனோம். ஆள் விட்டு ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். மேலே பாறாங்கல் வைத்திருக்கிறான் தம்பி, காட்டுப்பன்றி கிளறிவிடும் என்று. எழுத்து எல்லாம் வேண்டாம் பித்தன் சார். ஆனால் எடுத்தனூருக்கு ஒரு நாள் கட்டாயம் போகப் போகிறேன்.

கொலுசுப்பட்டறை தம்பி, அப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன். அவரிடம் போனில் சொல்லக் கூடாது.

ஜங்ஷன்வாசி சார், டாக்டர் சொன்ன கொட்டாவி விஷயம் உண்மை. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் பகல் வேளைகளில் வெளியே போவதையே நிறுத்திவிடுவோம், தார் ரோட்டில் பாதம் பொத்துவிடும். ஒரு இடத்தில் கூடத்தில் டிவி சத்தமாக ஓடிக்கொண்டே இருக்கும், குறைக்கச் சொன்னாலும் குறைக்க மாட்டார்கள். ஜூலி வாசலிலேயே உதட்டை நக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டோம். இன்னொரு வீட்டில் பேரன் பேத்திகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே விழுந்தார்கள். எழுந்து கதவைப் பார்த்து நின்றாள். கிளம்பி வந்துவிட்டோம். அவர்களுக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

ஏற்காடு கோடை விழா நாய்க் கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்கிறாளா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். கூட்டம் பழகட்டும் என்று ஒரு வருடம் கூட்டிப்போனோம். மற்ற நாய்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன, ஓடிக் காட்டின. இவள் மைதானம் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டாள். நடுவர் குனிந்து தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நாயிடம் போனார். திரும்பும்போது ஒருவழிப் பாதை என்று குப்பனூர் வழியாக இறக்கிவிட்டார்கள், அந்த வழி அவளுக்கு ஒத்துக்கொண்டது. வாந்தி இல்லை.


ஜங்ஷன்வாசி, சூரமங்கலம்

நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் வந்திருக்கிறது, அதற்கு நன்றி. தெருநாய் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் நாய் கதவைப் பார்த்தால் கிளம்பிவிடுவோம் என்கிற ஆட்களிடம் எனக்குச் சண்டை இல்லை.


கால்நடை டாக்டர், நாமக்கல்

பழைய பேப்பர் சார் எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2015இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்குமே ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சுரக்கும் அதே ஹார்மோன். இதைப் படித்துவிட்டு நாய் வளர்த்தால் ஆட்டிசம் போய்விடும், மறதி போய்விடும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். கொலுசுப்பட்டறைத் தம்பி எழுதினாரே, நாயால் குணமானார் என்று சொல்ல மாட்டேன், திரும்பிப் படுத்தார் என்று. அந்த அளவுதான் சரி.


மூக்கனேரி, சேலம்

சனிக்கிழமை போய் வந்தேன். எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

சிறப்பாசிரியை மேடம் எழுதியதை முதல்நாளே பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள், படத்தை எடுக்கவில்லை என்று. கையில் பிரஷையும் கழுத்துப்பட்டையையும் மட்டும் கொண்டுபோனேன். மேடம் சொன்ன அதே வாக்கியங்களைச் சொன்னேன். "செத்துப்போச்சு" என்ற இடத்தில் குரல் நிற்கவில்லை, பக்கத்தில் இருந்த டீச்சர் முடித்து வைத்தார்.

ஒரு பெண் குழந்தை சிரித்தது. ஒருத்தி பிரஷை வாங்கித் தன் தலையைச் சீவிக்கொண்டாள். நகம் எண்ணும் பையன் என் காலடியில், ஜூலி வழக்கமாகப் படுக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் கேட்டான், "பதினெட்டு எங்க?" புதைத்துவிட்டோம், மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். "பதினெட்டும்?" என்றான். ஆமாம், பதினெட்டும் என்றேன். அவன் முழுசாக ஒரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் வாங்கி, மறுபடி கேட்டதை அந்த டீச்சர் அன்றைக்குத்தான் பார்க்கிறாராம்.

படத்தை அவன்தான் எடுத்தான். பெட்டியில் போட்டான். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்ப எடுத்து டவுசர் பையில் வைத்துக்கொண்டான். டீச்சர் என்னைப் பார்த்தார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை அந்த நேரத்துக்கு இப்போதைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று படம் ஒட்டியிருக்கிறார்கள்.


புதிய உறுப்பினர், கொண்டலாம்பட்டி

வணக்கம் மேடம். இந்த இழையைப் படித்துத்தான் உறுப்பினரானேன். எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய் இருக்கிறது, எட்டு மாதம், ஆண். வீட்டில் எல்லோரிடமும் ரொம்ப அன்பு. அதை இந்த மாதிரி வேலைக்குப் பழக்க முடியுமா? வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்கிறார்களே?


கால்நடை டாக்டர், நாமக்கல்

இனம் ஒரு தடையே இல்லை. நம் ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அது காவலுக்கு வளர்த்த இனம், வீட்டு ஆட்களிடம் அன்பு, வெளியாளிடம் சந்தேகம். தெரபி நாய்க்கு வேண்டியது வெளியாளிடம் அன்பு. ஒரு வயது முடியட்டும், அதற்கு முன்னால் குணம் நிலைக்காது. முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள், அந்த இனத்தில் பிறவிக் காது கேளாமை கொஞ்சம் உண்டு. பின்னால் நின்று கை தட்டினால் திரும்புகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரியும். காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து ஒரு குழந்தை தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும்.


மூக்கனேரி, சேலம்

டாக்டர் சொன்னதுதான். நான் வேண்டுமானால் ஒரு தடவை பார்க்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குள் மூக்கனேரிக் கரைக்குக் கூட்டி வாருங்கள், வெயில் ஏறினால் வேலைக்கு ஆகாது. கழுத்துச் சங்கிலி இல்லாமல் வேண்டாம், நடைப்பயிற்சிக்காரர்கள் நிறைய வருவார்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். காலையில் ஒன்றும் கொடுக்காதீர்கள், பொறை நான் கொண்டுவருகிறேன்.